வாந்தி எடுக்காத பிள்ளை

நான் இருக்கிற டெக்சாஸ் ஊரில் வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏதாவதொரு கல்லூரியின் பெயர் போட்ட டிஷர்ட் அணிந்து பள்ளிக்கு வர வேண்டும். மகள் மகிழைக் கிண்டர்கார்டனில் சேர்த்த முதல் வாரமே அப்படியொரு சீட்டு அவள் பையில் வந்தது. சட்டை முட்டிவரை தொங்கும், கழுத்து தோளில் நழுவும், மூக்கு ஒழுகும், முன்பல் விழுந்திருக்கும். நெஞ்சில் மட்டும் பழம்பெரும் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவர்கள் வகுப்புக்கே ஒரு கல்லூரியின் பெயர்தான். கதவுக்கு மேலே, இந்தப் பிள்ளைகள் கல்லூரியில் காலடி வைக்கப்போகும் வருடத்தைத் தங்க நிறத் தாளில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியை மிசஸ் கோல்மன் என்னைப் பார்த்து, "மகிழ் எந்தக் கல்லூரிக்குப் போகப்போகிறாள்?" என்று கேட்டார். எனக்குப் பதறிவிட்டது. ஏதோ கடைசித் தேதியைத் தவறவிட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, "மன்னியுங்கள், இன்னும் விண்ணப்பிக்கவில்லை" என்றேன். அவர் என்னைப் பெரிய நகைச்சுவைக்காரி என்று முடிவு கட்டி, வாய்விட்டுச் சிரித்து, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்கள். 'காலேஜ் கோயிங் மைண்ட்செட்' என்று இதற்குப் பெயராம். பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்போது கல்லூரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் கடந்துவிடும். சின்ன வயதிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். புல்தரையில் ஓடவிட வேண்டும். அங்கே எதையாவது வாங்கிக் கொடுத்துத் தின்ன வைக்க வேண்டும். இது நமக்குப் பழகின இடம் என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த ஊர்க்காரர்கள் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள், இதற்கும் ஒரு கையேடு போட்டுவிட்டார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர்கள் சொன்ன அத்தனையையும் கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரில், குச்சிக்கிழங்கும் மிளகும் போடுகிற ஒரு விவசாயி எந்தக் கையேடும் இல்லாமல் எனக்கு ஐந்து வயதிலேயே செய்திருந்தார். அவர் என் அப்பா. இதே பள்ளியில் மேடையேறி, அப்படியொரு ஆள் உலகத்தில் இல்லவே இல்லை என்பதுபோல நான் பேசினேன். ஊரில் இருப்பவர்களும் என்னைப்போல வெளியே வந்துவிட்டவர்களும் படித்து என்னை என்ன நினைத்தாலும் சரி, அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பா படித்தது ஐந்தாவது. ஆறாம் வகுப்புக்கு அவரைக் கீழே சமவெளியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்ததோடு சரி. எங்கள் மலையிலிருந்து இறங்குகிற சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தகரப்பெட்டியோடு பஸ் ஏறியவர் பாதி மலை இறங்குவதற்குள் பக்கத்தில் நின்ற ஒருவரின் வெள்ளை வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டார். வேட்டிக்காரர் அடிக்கவில்லை. "மலையில கெடக்கறதுகள எல்லாம் எதுக்குப் படிக்க அனுப்பறாங்க?" என்று மட்டும் பொதுவாகக் கேட்டாராம். பஸ் முழுக்கச் சிரித்தது. அடுத்த வளைவில் வண்டி மெதுவானபோது அப்பா இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே நடந்து வந்துவிட்டார். அது நாற்பத்தொன்றாம் வளைவு. இன்றைக்கும் பஸ்ஸில் அந்த இடம் வந்தால் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவார். வளைவு தாண்டியபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை. மலைப் பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு மூளை காரணமில்லை, வறுமைகூட அப்புறம்தான். பஸ்ஸில் வாந்தி எடுப்பதுதான் காரணம். திங்கட்கிழமை வாந்தி எடுத்து, நாறின சட்டையோடு விடுதிக்குப் போய் நிற்கிறவன் அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏற யோசிப்பான். அதற்கடுத்த வாரம் வயிற்றுவலி என்பான். அதற்கும் அடுத்த வாரம் ஆடு மேய்ப்பான். "படிப்பு மண்டையில இல்ல கண்ணு, வயித்துல இருக்குது" என்பார். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் செயலில் இறங்கினார்.

எனக்கு ஐந்து வயது முடிந்ததும் பயிற்சி ஆரம்பமானது. முதல் தடவை பத்து வளைவுதான். இறங்கி, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, மேலே போகிற பஸ் வரும்வரை காத்திருந்து வீடு திரும்பினோம். இரண்டு மூன்று மாதம் கழித்து இருபது. அவர் சட்டம் கறாரானது. வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது, இரண்டு இட்லி. டிரைவருக்குப் பக்கத்து சீட். பக்கவாட்டில் பார்க்கக்கூடாது, முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்க்க வேண்டும். கையில் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம். அவர் சட்டைப்பையில் எட்டாக மடித்த பிளாஸ்டிக் பை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். இறங்கும்போது எழுபதில் ஆரம்பித்துக் குறைந்துகொண்டே வரும். நான் எண்களைக் கற்றது அந்தப் பலகைகளில்தான். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் எண்ணச் சொன்னபோது எழுபது, அறுபத்தொன்பது என்று ஆரம்பித்துத் தலையில் குட்டு வாங்கினேன். வாந்தி எடுத்த நாட்களில் அப்பா திட்டியதே இல்லை. நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, "போவுட்டும் சாமி, போவுட்டும்" என்பார். ஏழு வயதில் எழுபது வளைவையும் வாந்தியில்லாமல் இறங்கி, அடிவாரத்தில் காரவள்ளியில் காய்ந்த வாயோடு சிரித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அதோடு விடவில்லை. அன்றைக்கே இன்னொரு பஸ் ஏற்றி, ஒரு கல்லூரியின் கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பச்சை பெயின்ட் அடித்த பெரிய இரும்பு கேட். "தொட்டுப் பாரு" என்றார். தொட்டேன், வெயிலில் சுட்டது. "அவ்ளோதான். நம்மூட்டுக் கதவு மாதிரி இதுவும் ஒரு கதவு. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல." வாட்ச்மேன் வந்து, "ஏனுங்க, ஆரப் பாக்கோணும்?" என்று கேட்டார். "ஆரையும் இல்லீங்க. கேட்டப் பாக்க வந்தோம்" என்றார் அப்பா. எதிரே ஒரு பேக்கரி. முட்டை பப்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்து என்னைத் திருப்பிக் கூட்டிவந்தார். அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மிளகோ பலாவோ சந்தையில் போட வருகிற சாக்கில், கேட், பப்ஸ், வீடு. வாட்ச்மேன் பழகிப்போய் ஒருநாள் உள்ளே கூட்டிப்போய்க் குழாயில் தண்ணீர் குடிக்கவிட்டார். ஊரில் அப்பாவுக்குக் கேட்டுக்காரர் என்று பெயர் வந்தது. நான் கேட்டுக்காரர் பிள்ளை.

பதின்மூன்று வயதில் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காமல் போனது. கேட்டுக்கு முன்னால் நிற்கும்போது அவரிடமிருந்து நாலடி தள்ளி நிற்கப் பழகிக்கொண்டேன். பதினேழு வயதில் அதே கல்லூரியில் சேர்ந்தேன். முதல் நாள் வாட்ச்மேன் கையை உயர்த்தி, "வந்துட்டியா சாமி!" என்று சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் வந்த புதுத் தோழியிடம், வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டார் போல என்றேன். கேட்டுக்காரர் பிள்ளை என்பதை மறுத்துப் பேசியதில் அது முதல் தடவை. என்னோடு சேர்ந்த மலைப் பெண்கள் இரண்டு பேர் தீபாவளிக்குப் போனவர்கள் திரும்பவில்லை. காய்ச்சல், கல்யாணம் என்று ஏதேதோ சொன்னார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் அவர்கள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வந்ததைப் பார்த்தவள் நான். ஆனாலும் எனக்கு மூளை இருந்தது, அதனால் நிலைத்தேன் என்றுதான் நம்பினேன். வேலை, கல்யாணம், விமானம், அமெரிக்கா எல்லாம் வந்தபிறகு அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது.

போன வசந்தத்தில் மிசஸ் கோல்மன் என்னிடம் ஒரு உதவி கேட்டார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெற்றோர்கள் சிலர் மேடையில் பேச வேண்டும். முன்னேற்பாடாக ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். பெற்றோர் படிப்பு? அப்பா ஐந்தாவது, அம்மா ஒன்றுமில்லை. வீட்டில் யாராவது கல்லூரிக்கு வழிகாட்டினார்களா? இல்லை. "சின்ன வயதில் கேம்பஸ் விசிட் போனதுண்டா?" இல்லை, ஒருபோதும் இல்லை என்றேன். உண்மையாகவே அந்த நிமிடம் எனக்கு அப்பா நினைவுக்கு வரவில்லை. கேம்பஸ் விசிட் என்றால் வரைபடம், வழிகாட்டி, கழுத்தில் அட்டை. மூடின கேட்டுக்கு வெளியே நின்று பப்ஸ் தின்பதற்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று தோன்றவில்லை. ஆனால் அன்று மாலை காரில் திரும்பும்போது நினைவு வந்துவிட்டது. இந்த ஊர்ச் சாலைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போகும். யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். யோசித்தேன். வாந்தியையும் எலுமிச்சம்பழத்தையும் எப்படி இங்கிலீஷில் மேடையில் சொல்வது? சிரிப்பார்கள். அப்பாவைப் பார்த்துச் சிரித்த பஸ்ஸை எனக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

மேடையில் இப்படிச் சொன்னேன்: "நான் பிறந்த மலையில் கல்லூரி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. என் வீட்டில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் தன்னந்தனியாக அந்த வழியைக் கண்டுபிடித்தேன்." எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை, மிக நன்றாக இருந்தது. என் போட்டோவும் அதற்குக் கீழே அந்த மூன்று வரிகளும் பெரிய அட்டையில் அச்சாகிப் பள்ளி நடைபாதைச் சுவரில் ஏறின. என் கணவர் பெருமை தாங்காமல் வீடியோவை இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிட்டார். அதில் ஒன்றில் அப்பாவும் இருந்தார். நாலு நாள் கழித்து அப்பா கூப்பிட்டார். "கேட்டேன் கண்ணு. நல்லாச் சொன்னே" என்றார். குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. இங்கிலீஷ் புரியாதது எவ்வளவு வசதி என்று பெருமூச்சு விட்டேன். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாததற்கு நான் நன்றி சொன்ன நாள் அது.

கோடை விடுமுறைக்கு மகிழைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். பள்ளியில் ஒரு விடுமுறைப் பாடமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்: டிஷர்ட் போட்டுக்கொண்டு ஏதாவதொரு கல்லூரிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து வர வேண்டும். பலாச் சீசன், வீடு முழுக்கப் பலா வாசம். நான் பையை இறக்கி வைப்பதற்குள் அம்மா ஆரம்பித்தாள். "உன்ற பேச்சப் போட்டுப் போட்டு அந்த ஃபோனே சூடேறிக் கெடக்குது. மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பக்கூட ஓடுது." அப்பா காதில் விழாததுபோல மகிழிடம் பள்ளிக்கூடம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். டிஷர்ட் சங்கதியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அங்கயும் நம்ம வேலதான் நடக்குதா?" என்றார்.

மறுநாள் காலை கோமதி வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், நான் படித்த அதே கல்லூரியில் இரண்டாம் வருடம் முடித்திருக்கிறாள். நான் அமெரிக்கா போனபிறகு அப்பா சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அதே பத்து வளைவு, இருபது வளைவு, கேட், பப்ஸ். அதில் முதலில் தேறியவள் கோமதி. குழாயடியில் என்னைத் தனியாக நிறுத்தி, "அக்கா, ஒண்ணு சொல்லோணும், கோவிச்சுக்காதீங்க" என்றாள். வீடியோ வந்த அன்று அப்பா அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார், அர்த்தம் சொல்லச் சொல்லி. "மூணு தடவ போடச் சொன்னாருங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எங்கப்பாதான் சின்ன வயசுல பஸ்சுல ஏத்திப் பழக்குனாரு, காலேஜு கேட்டக் காட்டுனாரு, அதனாலதான் படிச்சேன்னு அக்கா சொல்றாங்கன்னு நானாச் சொல்லிட்டேனுங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தப்பு செய்தவள் அவள் என்பதுபோல நின்றாள். எனக்குக் காது மடல்வரை சூடேறியது. இருபது வயதுப் பெண்ணுக்கு என் பேச்சில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இல்லாததை இட்டு நிரப்பியிருக்கிறாள்.

போட்டோ எடுக்கப் புதன்கிழமை கிளம்பினோம். அப்பா, நான், மகிழ். கார் பிடிக்கலாம் என்றேன், அவர் கேட்கவில்லை. பஸ்தான், டிரைவருக்குப் பக்கத்து சீட்தான், இரண்டு இட்லிதான். மகிழ் கையில் எலுமிச்சம்பழத்தோடு செவன்ட்டி, சிக்ஸ்ட்டி நைன் என்று பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர். டிக்கெட் கிழித்தவரிடம் அப்பா ஆரம்பித்தார். "இதானுங்க அமெரிக்காவுல இருக்கற எம்புள்ள. அங்க மேடையில ஏறி, எங்கப்பாதான் இந்தப் பஸ்சுல ஏத்திப் பழக்குனாருன்னு இங்கிலீசுல சொல்லுச்சு. அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க." பின்சீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். "அப்படீங்களா!" என்றார் கண்டக்டர். அப்பா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, அத ஒருக்கா இங்கிலீசுல சொல்லு. இவங்களும் கேக்கட்டும்."

எதை வேண்டுமானாலும் இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. முதலில் அந்த எண்ணம்தான் வந்தது, அப்படிப்பட்டவளாகத்தான் ஆகியிருந்தேன். ஆனால் அவர் வாயை லேசாகத் திறந்தபடி, கேட்பதற்குத் தயாராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை முடியவில்லை. அவர் காதருகே குனிந்து, "அப்பா, நான் அப்படிச் சொல்லலீங்க" என்றேன். "அந்தப் பேச்சுல உங்களப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லீங்கப்பா. கோமதி மாத்திச் சொல்லிட்டா."

அவர் முகம் இறுகியது. நான் நினைத்த காரணத்துக்காக இல்லை. "அப்ப அவளுக்கு இங்கிலீசு புரியலயா? ரெண்டு வருசம் காலேஜு போயும் புரியலயா?" என்றார். அவர் கவலையெல்லாம் கோமதி. அவள் தேறினாளா என்று பார்க்கத்தான் மூன்று தடவை போடச் சொன்னாராம். "புரிஞ்சுதுங்கப்பா. நல்லாப் புரிஞ்சுது. அதனாலதான் மாத்துனா" என்றேன். "அதான பாத்தேன்" என்று சாய்ந்து உட்கார்ந்தார். கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நாற்பத்தொன்றாம் பலகை வந்தது. வழக்கம்போல அப்பா பேசவில்லை. வளைவு தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "மாத்திச் சொல்ற அளவுக்கா கண்ணு இருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வயிறு திரண்டு மேலே வந்தது. ஏழு வயதுக்குப் பிறகு அந்த மலையில் நான் வாந்தி எடுத்தது அன்றுதான். அப்பா ஒரு நொடியில் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவி விரித்துப் பிடித்தார். இன்னொரு கை என் நெற்றியைத் தாங்கியது. "போவுட்டும் சாமி, போவுட்டும்" என்றார். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. மகிழ் எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே நீட்டி, "அம்மா, ரோட்டைப் பாரு. அப்புச்சி சொன்னாங்கல்ல" என்று தாத்தாவைக் காட்டினாள். அடிவாரம்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

கல்லூரியில் பழைய கேட் இல்லை, சறுக்கிப் போகிற புது கேட் போட்டிருந்தார்கள். வாட்ச்மேனும் புது ஆள். பேக்கரி மட்டும் அங்கேயே இருந்தது. மகிழ் டிஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டைத் தொட்டு நின்றாள். "நீங்களும் வந்து நில்லுங்கப்பா" என்று கூப்பிட்டேன். "நான் எதுக்கு கண்ணு, படிக்கற புள்ள நிக்கட்டும்" என்று ஒதுங்கினார். எப்போதும் இப்படித்தான் ஒதுங்குவாரா, அன்றைக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. மகிழ் அவர் கையைப் பிடித்து இழுத்தாள், அவர் வரவில்லை, நான் பொத்தானை அழுத்திவிட்டேன். படத்தில் மகிழ் இருந்தாள், கேட் இருந்தது, ஓரத்தில் மணிக்கட்டுவரை ஒரு கை. கருத்த, மிளகு பறித்து நகம் தேய்ந்த கை.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. நடைபாதைச் சுவரில் விடுமுறைப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்த மிசஸ் கோல்மன் மகிழின் படத்தைக் கையில் எடுத்து, "அழகு. இந்தக் கையை மட்டும் வெட்டிவிடலாமா? உங்கள் டூர் கைடா?" என்றார். அவர் தலைக்கு மேலே என் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வெட்ட வேண்டாம் என்றேன். பிறகு சொன்னேன். பஸ், வளைவு, வாந்தி, எலுமிச்சம்பழம், கேட், பப்ஸ் எல்லாவற்றையும், இலக்கணம் இடறி இடறி. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நீங்கள் கேம்பஸ் விசிட் போயிருக்கிறீர்களே! ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?" என்றார். குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அட்டையை எடுத்துவிடுங்கள், அது பொய் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்து முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தபிறகு ஏணியில் ஏறி, ஊசிகளைப் பிடுங்கி, அட்டையை என் கையில் கொடுத்தார்.

அது வெள்ளிக்கிழமை. மாலை, அடுக்களையில் மகிழின் டிஷர்ட்டைக் கறை போகத் தேய்த்துக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே சனிக்கிழமை விடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னார், பின்னால் சளசளவென்று சத்தம். "பாப்பா போட்டோவ ஒட்டுனாங்களா? நான் அதுல உழுகலீல்ல?" என்றார்.

"உங்க கை மட்டும் உழுந்திருக்குதுங்கப்பா."

"அடடா. அத வெட்டிரச் சொல்லு கண்ணு. பாக்கறவங்க ஆருதுன்னு கேப்பாங்க."

"கேட்டாங்கப்பா. சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னே?"

தமிழில் சொல்ல ஆரம்பித்தேன், அவர் தடுத்தார். "அங்க சொன்ன மாதிரியே சொல்லு." இங்கிலீஷில் சொன்னேன், மூன்று வரிதான். பிறகு, "இரு, கோமதிகிட்டக் குடுக்கறேன்" என்றார். லீவுக்கு வந்தவள் பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கிறாளாம். கோமதி, "சொல்லுங்கக்கா" என்றாள். நான் அந்த மூன்று வரிகளையும் மறுபடி சொன்னேன். எங்கள் மலையில் பஸ் ஸ்டாப்பில் நின்று அவள் அதைத் தமிழில் எடுத்துச் சொல்வது எனக்கு இங்கே கேட்டது. "எங்கப்பா அஞ்சு வயசுலயே என்னயக் காலேஜு கேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பஸ்சுல வாந்தி எடுக்காம இருக்கப் பழக்குனாரு. அதனாலதான் நான் படிச்சேன்ங்கறாங்க பெரீப்பா."

"மாத்திச் சொல்லலீல்ல?" அப்பாவின் குரல், தள்ளியிருந்து.

"இல்லீங்க பெரீப்பா. அவங்க சொன்னதுதான்."

பஸ் ஹாரன் கேட்டது. ஃபோன் மறுபடி அவர் கைக்கு வந்தது. "செரி கண்ணு, பஸ்சு வந்துருச்சு. புள்ளைக ஏறோணும்" என்று வைத்துவிட்டார். ஈர டிஷர்ட்டைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே சாலை ஒரு வளைவுகூட இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நேராகப் போனது. இந்நேரம் மலை விளிம்புக்கு வந்திருப்பார்கள் என்று தோன்றியபோது, எழுபது, அறுபத்தொன்பது என்று வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று வந்ததும் நிறுத்தினேன்.